டேங்க் நிறைஞ்சிருச்சு!

போன வருஷம் கார்த்திகை மாசம், ஒரு சனிக்கிழமை காலை. ஆணி எதுவும் இல்லாத அபூர்வமான நாள். சென்னையில பொட்டி தட்டுற பசங்க மூணு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிற வீடு எங்களோடது. மோட்டாரைப் போட்டுட்டு வழக்கம்போல மறந்துட்டோம். கீழேயிருந்து வீட்டுக்காரர் சத்தம் போடுறார். "தம்பீ... டேங்க் நிறைஞ்சு வழியுது! தண்ணியை வீணாக்காதீங்கப்பா!"

ஓடிப்போய் சுவிட்சை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தா, ஊர்லேர்ந்து ஐயா போன். (எங்க பக்கம் அப்பாவோட அப்பாவை ஐயான்னுதான் கூப்பிடுவோம்.)

"என்னப்பு, சாப்பிட்டியா? கண்மாய் நிறைஞ்சிருச்சுப்பு. கலுங்கைத் தாண்டி மறுகால் போகுது!"

எண்பதைத் தாண்டின மனுஷன். பேரன் பிறந்த சேதியைச் சொல்ற மாதிரி சொல்றார். பின்னாடி ஒரே கூச்சல், கரையில ஊரே நிக்குது போல. நானும் இங்கேயிருந்து சந்தோஷத்துல கத்திட்டேன். கூட இருக்கிற போபால் நண்பன் பதறிப்போய் என்ன விஷயம்னு கேட்டான். எங்க ஊர் டேங்க் நிரம்பி வழியுதுடான்னு இங்கிலீஷ்ல சொன்னேன்.

அவன் செல்போன்லேர்ந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "அப்போ மோட்டாரை ஆஃப் பண்ணச் சொல்லு."

சிரிப்புதான் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பார்த்தா அவன் மேல தப்பே இல்லைங்க. ஒரே காலையில ரெண்டு டேங்க் நிறைஞ்சது. ஒண்ணு வழிஞ்சதுக்குத் திட்டு வாங்கினேன். இன்னொண்ணு வழிஞ்சதுக்கு ஊரே கொண்டாடுது. ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே பேர். இந்த ஒரு சொல் எங்கேயிருந்து கிளம்பி எங்கெல்லாம் போச்சு, போற வழியில நம்மகிட்டேயிருந்து எதை எடுத்துட்டுப் போச்சுன்னு கொஞ்சம் தோண்டிப் பார்த்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

*

முதல்ல ஊர். வீரசோழன்னு தேடினா மயிலாடுதுறைப் பக்கம் காவிரியோட கிளையாறு ஒண்ணு வந்து நிக்கும். அது இல்லைங்க நாங்க. விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டம், நரிக்குடிப் பக்கம். பேரு சோழன் பேரு, மண்ணு பாண்டிய மண்ணு. :-) 1985-ல விருதுநகர் மாவட்டம் பிரியிறதுக்கு முன்னாடி பழைய ராமநாதபுரம் மாவட்டம். அருப்புக்கோட்டையில பஸ் ஏறி திருச்சுழி தாண்டி வந்தீங்கன்னா, ரெண்டு பக்கமும் கரிசலும் சீமைக்கருவேலமுமா வரும். ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர்.

இந்தச் சீமையில வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது. குண்டாறு மழை பெஞ்சாத்தான் ஆறு, மத்த நாள்ல மணல். மதுரைக்குள்ள சாக்கடையா மாறிப்போன கிருதுமால் நதி எங்க பக்கம்தான் வருது. அதுலயும் வைகையில மிச்சம் இருந்து திறந்துவிட்டாத்தான் தண்ணி. ஆக, ஐப்பசி கார்த்திகையில வானம் கொடுக்கிறதைப் பிடிச்சு வச்சு, தை மாசி வரைக்கும் பிழைக்கணும். அதுக்காக எங்க முன்னோர்கள் செஞ்ச ஏற்பாடுதான் கண்மாய். இங்கிலீஷ்காரன் அதைத்தான் டேங்க்னு எழுதினான்.

*

இப்போ சொல்லுக்கு வருவோம்.

டேங்க்ங்கிற சொல் இங்கிலீஷுக்குள்ள நுழைஞ்சது 17-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல, இந்தியா வழியாத்தான். அப்போ அதுக்குத் தொட்டின்னு அர்த்தம் இல்லை. இந்தியாவுல பாசனத்துக்கும் குடிக்கவும் வெட்டி வச்ச நீர்நிலைன்னுதான் அர்த்தம். குஜராத்தி, மராத்தியில நிலத்தடித் தண்ணித்தொட்டிக்கு 'டாங்கி', 'டாங்கே' மாதிரியான சொற்கள் உண்டு. ராஜஸ்தான் பாலைவனத்துல மழைத்தண்ணி சேமிக்கிற நிலத்தடித் தொட்டிக்கு இன்னைக்கும் 'டாங்கா'ன்னுதான் பேர். இன்னொரு பக்கம் போர்ச்சுகீசிய மொழியில ஏற்கெனவே 'தாங்கே'ன்னு ஒரு சொல் இருந்தது. ஓடுற தண்ணியைத் தடுத்து நிறுத்துறதுங்கிற பொருள்ல வந்தது அது. இந்த ரெண்டுல எது அப்பன், எது சித்தப்பன்னு 1886-ல வந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியிலேயே பெரிய விவாதம் நடந்திருக்கு. அதைத் தொகுத்த ரெண்டு பேர்ல ஒருத்தரான பர்னெல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர். ரெண்டு சொல்லும் மேற்குக் கடற்கரையில சந்திச்சு ஒண்ணாக் கலந்திருச்சுன்னு வச்சுக்கலாம்.

இந்த இடத்துல எனக்கு ஒரு சபலம் வந்துச்சு, மறைக்காம சொல்லிடுறேன். தமிழ்ல 'தாங்கல்'னு ஒரு சொல் இருக்கே! வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் ஏரியை வச்சு வந்த பேர்தான். தண்ணியைத் தாங்குறது தாங்கல், அதுலேர்ந்துதான் டேங்க்னு எழுதினா எத்தனை கைதட்டல் விழும்! ஆனா ஒலி ஒத்துப்போறது மட்டும் ஆதாரம் ஆகாதுங்களே. இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லை மேற்குக் கரையிலேர்ந்து எடுத்துட்டு வந்த தடயம் கண்ணுக்கு முன்னால இருக்கு. வேடந்தாங்கல் வழியா போன தடயம் எதுவும் என் கண்ணுல படலை. விட்டுட்டேன்.

விட்டதுக்கு ஆறுதலா உண்மையான ரெண்டு சொல் கிடைச்சது. 'அனிகட்'னு இங்கிலீஷ் அகராதியில ஒரு சொல் இருக்கு, அது நம்ம அணைக்கட்டு. அதைவிட எனக்குப் பிடிச்சது 'காலிங்குலா'. சென்னை மாகாணத்துப் பழைய பாசன ரிப்போர்ட்டுகள்ல வரும். பார்க்கிறதுக்கு ரோமாபுரி மன்னன் கலிகுலாவோட தம்பி மாதிரி இருக்கு. உண்மையில அது எங்க ஐயா போன்ல சொன்ன கலுங்கு! கண்மாயில மிஞ்சின தண்ணி வழிஞ்சு போற கல்கட்டு. வெள்ளைக்கார இன்ஜினியர் பேரே தெரியாத ஒரு சாமானைப் பார்த்திருக்கார், ஊர்க்காரன் சொன்ன பேரை அப்படியே எழுதிக்கிட்டார்.

ஈழத்து நண்பர்கள் வழக்கு இன்னும் அழகு. அவங்க தண்ணித்தொட்டியை 'தண்ணீர்த் தாங்கி'ன்னு சொல்றாங்க. ஒலியும் கிட்டத்தட்ட அதே, பொருளும் அதே, சொல் மட்டும் சுத்தத் தமிழ்.

*

கலுங்கோட பேரைக் கேட்டு எழுதினவங்க, கண்மாய் விஷயத்துல அப்படிச் செய்யலை. அங்கேதான் சிக்கல்.

நம்மகிட்ட எத்தனை பேர் இருக்கு பாருங்க. வடக்கே ஏரி. மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய். நெல்லைப் பக்கம் குளம். குடிக்கிற தண்ணிக்குத் தனியா ஊருணி, அதுல மாடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. சின்னதா இருந்தா ஏந்தல், எங்க பக்கம் ஏந்தல்னு முடியிற ஊர்ப் பேர் எக்கச்சக்கம். அதைவிடச் சின்னது குட்டை. கோயிலுக்குத் தெப்பக்குளம். பேரைச் சொன்னாலே அது எதுக்கு, எவ்வளவு பெரிசு, யார் இறங்கலாம்னு ஓரளவு தெரிஞ்சிரும். வரி போட வந்த அதிகாரி இதையெல்லாம் ஒரே கட்டத்துல போட்டு டேங்க்னு எழுதினார். எங்க தொழில் பாஷையில சொன்னா, லாஸி கம்ப்ரஷன். பத்து எம்பி படத்தை அம்பது கேபியா சுருக்கிட்டோம். படம் என்னமோ தெரியுது. பெரிசு பண்ணிப் பார்த்தாத்தான் மூஞ்சி இல்லைன்னு தெரியும்.

சரி, இந்தக் கண்மாய் எப்படி வேலை செய்யுது? கம்ப்யூட்டர் ஆளுங்களுக்குச் சட்டுன்னு புரியும்.

தொட்டிக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு. கண்மாய்க்கு அப்படி இல்லை. நிலம் சரியிற பக்கம் மட்டும் அரைவட்டமா ஒரு மண்கரை. எதிர்ப்பக்கம் திறந்தே கிடக்கும், மேட்டுலேர்ந்து தண்ணி தானா இறங்கி வரணுமே! தண்ணி நிக்கிற இடம் உள்வாய். தண்ணியைக் கூட்டிட்டு வர்றது வரத்துக்கால். கரைக்கு அடியில கல்லால கட்டின மடை, அது வழியா வயலுக்குத் தண்ணி. அந்தக் கண்மாயை நம்பிப் பயிராகிற நிலம் ஆயக்கட்டு. மடையைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போ எவ்வளவுன்னு பார்த்துவிட ஊர்ல ஒரு ஆள், நீர்பாய்ச்சி. கலுங்கு மேல வரிசையா குத்துக்கல் நட்டிருப்பாங்க. மழை முடியிற நேரத்துல கல்லுக்கு நடுவுல மண்ணை அடைச்சு இன்னும் ஒரு முழம் தண்ணி கூடப் பிடிப்பாங்க. பம்பு கிடையாது, கரண்டு கிடையாது. எல்லாமே நிலத்தோட சரிவுதான்.

முக்கியமான விஷயம், எந்தக் கண்மாயும் தனி ஆள் இல்லை. எங்க கண்மாயோட மறுகால்தான் அடுத்த ஊர்க் கண்மாயோட வரத்து. அது நிறைஞ்சா அதுக்கு அடுத்தது. டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்புல படிச்ச லிங்க்டு லிஸ்ட்தான். நடுவுல ஒரு பாயின்டரை உடைச்சா அதுக்குக் கீழே இருக்கிற அத்தனையும் போச்சு. அதனாலதான் எங்க கலுங்கு பாய்ஞ்சா நாங்க மட்டும் இல்லை, கீழே இருக்கிற ஊர்க்காரனும் கொண்டாடுவான். வழியிறது இங்கே வீண் இல்லைங்க. வழிஞ்சாத்தான் அடுத்தவனுக்குப் போகும்.

பெரிசு எவ்வளவு பெரிசு? ராமநாதபுரம் மாவட்டம் ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை 'நாரை பறக்கா நாற்பத்தெட்டு மடை'ன்னு சொல்லுவாங்க. நாரைகூட ஒரே மூச்சுல பறந்து தாண்ட முடியாதாம், 48 மடையாம். தமிழ்நாடு பூரா சேர்த்தா சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்னு அரசுக் கணக்கு. இதை வெறும் தொட்டின்னு எப்படிங்க கூப்பிடுறது?

*

பராமரிப்பு யார் பார்த்தாங்க? உத்திரமேரூர் கல்வெட்டைப் படிச்சிருப்பீங்க. பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம்னு தனிக் குழுவே இருந்திருக்கு. பின்னாடி அதே வேலைக்குக் குடிமராமத்துன்னு பேர். குடி தமிழ், மராமத்து அரபியிலேர்ந்து வந்தது. வருஷத்துக்கு ஒருதடவை ஊர் சேர்ந்து வரத்துக்காலைத் தூர்வாரி, கரையை உசத்தி, மடையைச் சரிபண்றது.

இங்கே நான் கொசுவத்தி சுத்தி, அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா பாடிக்கிட்டே வேலை பார்த்தாங்கன்னு எழுதமாட்டேன். மண்வெட்டி பிடிச்சவன் யாரு, கரையில நின்னு வேலை வாங்கினவன் யாருங்கிறதும் வரலாறுதானே. 1858-ல கம்பெனி சர்க்கார் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. கரை உடையிற ஆபத்து வந்தா ஆளுங்களைக் கட்டாயமா வேலைக்கு இழுக்கலாம், வழக்கமா செய்ய வேண்டிய பாசன வேலைக்கு வராதவங்க மேல நடவடிக்கை எடுக்கலாம். வழக்கமா இருந்ததைச் சட்டம் போட்டுத்தான் காப்பாத்தணும்னு வந்துச்சுன்னா, வழக்கம் அப்போவே ஆட்டம் கண்டிருச்சுன்னுதானே அர்த்தம்?

அடுத்து 1876-78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம்னு நம்ம கிழவிங்க சொல்றது அதுதான். செத்தவங்க பல லட்சம். அதுக்கப்புறம்தான் சர்க்காருக்குக் கண் திறந்து, 1883-ல டேங்க் மறுசீரமைப்புத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, மாகாணம் பூரா அளந்து பார்க்கக் குழுக்களை அனுப்பினாங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதுவரைக்கும் ஜமீன் கையில இருந்த கண்மாய்கள் அரசுக்கு வந்துச்சு. அதுல ஒரு கணக்கு வச்சாங்க பாருங்க. 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா பொதுப்பணித்துறை (2021-லேர்ந்து நீர்வளத்துறை). அதுக்குக் கீழேன்னா ஊராட்சி ஒன்றியம். பேப்பர்ல பார்த்தா ரொம்ப நியாயமான பிரிவினை. ஆனா தண்ணிக்கு 40 ஹெக்டேர் கணக்கு தெரியாதே! மேலே இருக்கிற ஏந்தல் ஒன்றியத்துக்கு, அதோட மறுகால் வந்து விழுற கண்மாய் வேற துறைக்கு. லிங்க்டு லிஸ்டோட ஒவ்வொரு நோடையும் வேற வேற டீம் பார்த்துக்கிட்டா நடுவுல இருக்கிற பாயின்டரை யார் பார்ப்பா? சாப்ட்வேர் கம்பெனியில குப்பை கொட்டின எல்லாருக்கும் இதுக்குப் பதில் தெரியும். ஹி ஹி.

எனக்குத் தோணுறது இதுதான். கண்மாய்னு சொன்னா வரத்துக்கால், மடை, கலுங்கு, அடுத்த ஊர் எல்லாம் சேர்ந்தேதான் மனசுக்குள்ள வருது. டேங்க்னு சொன்னா தண்ணி நிக்கிற குழி மட்டும்தான் வருது. குழியை மட்டும் பார்த்தா அளவை வச்சுப் பிரிக்கத்தான் தோணும். சொல் ஒண்ணை வச்சே எல்லாம் நடந்துச்சுன்னு சொல்ல வரலை. ஆனா அந்தச் சொல் அப்படிப் பார்க்கிறதைச் சுலபமாக்கிருச்சு.

*

நம்ம நிலத்துல இப்படி நடந்துக்கிட்டிருக்க, டேங்க் சீமைக்குப் போய் வேற அவதாரம் எடுத்துச்சு. அங்கே கண்மாய் ஏது? அதனால தண்ணி, எண்ணெய், கேஸ்னு எதையாவது ஊத்தி வைக்கிற பெரிய பாத்திரத்துக்கெல்லாம் டேங்க்னு பேர் வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து.

1915, முதல் உலகப்போர். பதுங்குகுழியையும் முள்கம்பியையும் தாண்டிப் போற மாதிரி ஒரு இரும்பு வண்டி செய்ய சர்ச்சில் கடற்படையில ஒரு கமிட்டி போட்டார். அதுக்கு முதல்ல வச்ச பேர் 'லேண்ட்ஷிப்', தரைக்கப்பல். லிங்கன் நகரத்துல ஒரு ஃபேக்டரியில ரகசியமா வேலை நடக்குது. பார்க்கிறவன் கேட்டா என்ன சொல்றது? மெசபடோமியாவுக்குத் தண்ணி கொண்டு போற வண்டின்னு சொன்னாங்க. நம்புற மாதிரியும் இருந்துச்சு. அந்தப் பாலைவனத்துல நம்ம இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்குல அப்போ சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. சரி, 'வாட்டர் கேரியர்'னே பேர் வைக்கலாம்னா, சுருக்கினா டபிள்யூ.சி.! கக்கூஸ் கமிட்டின்னு கூப்பிடுவாங்களேன்னு பயந்து, கன்டெய்னர், ரிசர்வாயர், சிஸ்டர்ன் எல்லாம் யோசிச்சுக் கடைசியில 1915 டிசம்பர்ல டேங்க்னு முடிவு பண்ணினாங்க. 1916 செப்டம்பர் 15, பிரான்சுல சோம் போர்க்களத்துல அது முதல்முதலா உருண்டு வந்தப்போ அதோட பேர் உலகம் பூரா பரவிருச்சு.

தண்ணி இல்லாத ஊர்ல தண்ணி தேக்கி உயிர் காப்பாத்தின சாதனத்தோட பேர், ஆளைக் கொல்ற மிஷினுக்கு மாறுவேஷமாப் போச்சு. மாறுவேஷமே கடைசியில முகமாவும் ஆயிருச்சு. ரிசர்வாயர்னு முடிவு பண்ணியிருந்தா பாகிஸ்தான் எல்லையில ரிசர்வாயர் படை நிக்குதுன்னு நாம பேப்பர்ல படிச்சிருப்போம்.

இதை ஒரே இடத்துல பார்க்கணும்னா ஆவடிக்குப் போங்க. 1961-ல தொடங்கின கனரக வாகனத் தொழிற்சாலையில விஜயந்தாவுல ஆரம்பிச்சு அர்ஜுன் வரைக்கும் போர் டேங்க் செஞ்சிருக்காங்க. அதே ஆவடியில பருத்திப்பட்டு ஏரியும் இருக்கு. ஏரி, பீரங்கி வண்டி ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே பேர்!

இங்கே தமிழ் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணியிருக்கு, கவனிச்சீங்களா? ராணுவத்துல இருந்தா டாங்கி. மொட்டை மாடியில இருந்தா டேங்க். லாரியில ஏத்தினா டேங்கர். ஒரே சொல்லை எழுத்தைக் கொஞ்சம் மாத்தி மூணு வேலைக்குப் பிரிச்சு வச்சுக்கிட்டோம். நேம்ஸ்பேஸ் குழப்பம் கிடையாது.

இங்கிலீஷ்ல மிச்சக் கதையும் சுருக்கமா சொல்லிடுறேன். நீச்சல் குளத்துக்கும் டேங்க்னு பேர் இருந்துச்சு, அதுல குளிக்கப் போட்ட உடுப்பு டேங்க் சூட், அதுலேர்ந்து வந்தது டேங்க் டாப். கையில்லாத பனியனுக்கும் கண்மாய்க்கும் இப்படி ஒரு சொந்தம். :-) மண்டைக்குக் கிண்டல் பேரா இருந்த 'திங்க் டேங்க்' பின்னாடி பெரிய மனுஷங்க கூடி யோசிக்கிற நிறுவனம் ஆச்சு. டென்னிஸ்ல வேணும்னே தோத்தா டேங்கிங். ஷேர் விழுந்தா டேங்க் ஆயிருச்சும்பாங்க. கம்ப்யூட்டர் கேம்ல எல்லா அடியையும் தான் வாங்கிக்கிட்டு மத்தவங்களைக் காப்பாத்துற ஆளுக்கும் டேங்க்னு பேர். அகராதியில இத்தனையும் வரிசையா இருக்கு. இந்திய நீர்நிலைங்கிற பழைய பொருளைத் தேடினாத்தான் கிடைக்குது.

*

நம்ம ஊர்லயே என்ன ஆச்சு? சென்னையில லாங் டேங்க்னு மாம்பலம் பக்கம் பெரிய ஏரி இருந்தது. 1920-கள்ல அதை வடிச்சுட்டுத்தான் தியாகராய நகர் கட்டினாங்க. நாம தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போறது ஏரிக்கு உள்ளேதான். 1976-ல திறந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துலதான். ஸ்பர் டேங்க் ரோடு, டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா எல்லாம் இருக்கு, டேங்க்தான் இல்லை. 2015 டிசம்பர்ல தண்ணி அதோட பழைய வீட்டைத் தேடி வந்தப்போ நாம அதை வெள்ளம்னு சொன்னோம்.

ஊர்ப்பக்கம் வேற மாதிரி. 1971-ல குடிநீர் வடிகால் வாரியம் வந்து, ஊருக்கு ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எழும்புச்சு. இவ்வளவு நீளப் பேரை யார் சொல்வா? தண்ணி டேங்க்! கூடவே குஜராத்துல கலோல்லேர்ந்து சின்டெக்ஸ் பிளாஸ்டிக் தொட்டி வந்து எல்லா மொட்டை மாடியிலயும் ஏறி உட்கார்ந்துச்சு. குஜராத்தி மண்ணுல கிளம்பின சொல் உலகத்தைச் சுத்திட்டு, குஜராத்லேர்ந்தே கறுப்பு பிளாஸ்டிக்கா நம்ம மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்த கதை இது. இன்னைக்கு எங்க ஊர்ச் சின்னப் பசங்ககிட்ட டேங்க் எங்கேன்னு கேட்டா மேலேதான் கை காட்டுவாங்க.

தண்ணி டேங்க் வந்ததை நான் குறை சொல்லலை. எங்க அப்பத்தா குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊருணிக்கு நடந்த நடை என்னன்னு அவங்களைக் கேட்டாத் தெரியும். அதைவிட, பழைய டேங்க் எல்லாருக்கும் பொதுவா இருந்துச்சா என்ன? 1927 மார்ச் 20, மஹாராஷ்டிரத்துல மஹாத். சவ்தார் குளத்துல இறங்கி ஒரு கை தண்ணி அள்ளிக் குடிக்கிறதுக்கு அம்பேத்கர் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. இங்கிலீஷ் புத்தகத்துல அதுவும் சவ்தார் டேங்க்தான். இங்கே 2022 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். பட்டியல் சமூக மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில மலத்தைக் கலந்திருந்தாங்க. அது குளம், இது சிமென்ட் தொட்டி. டேங்கோட அர்த்தம் மாறிப்போச்சு, நடுவுல 95 வருஷம் ஓடிப்போச்சு. நாம எவ்வளவு மாறியிருக்கோம்னு நீங்களே பார்த்துக்குங்க.

*

ஐயாகிட்ட ஒரு பழைய நிலப் பத்திர நகல் இருக்கு, இங்கிலீஷ்ல. அதை வீட்டுல இருக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரி பண்ணலாம்னு கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்புல போட்டேன். டேங்க் பெட், அதாவது கண்மாய் உள்வாய், 'தொட்டிப் படுக்கை'ன்னு வந்துச்சு. சிரிச்சுட்டு அழிச்சேன். அப்புறம் கொஞ்சம் பயமும் வந்துச்சு. 2007-ல தமிழ்நாட்டுல நீர்நிலைகளைக் காப்பாத்தி ஆக்கிரமிப்பை அகற்ற ஒரு சட்டம் வந்திருக்கு, இங்கிலீஷ்ல அதோட பேர்லயே டேங்க் இருக்கு. கண்மாய்க்குள்ள பிளாட் போடுறவனுக்கு எதிரா வழக்கு நடந்தா பழைய பதிவேட்டுல இருக்கிற 'டேங்க் புறம்போக்கு'ங்கிற வார்த்தைதான் சாட்சி. அதைப் படிக்கிறவன் மனசுல கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வந்தா என்ன ஆகும்? தண்ணி இல்லாத வருஷம் பார்த்தா அது வெறும் கருவேலங்காடு. இங்கே எங்கேய்யா டேங்க் இருக்குன்னு கேட்டுட்டுப் போயிருவான்.

2017-ல அரசாங்கம் குடிமராமத்துங்கிற பழைய பேர்லயே திட்டம் கொண்டுவந்து தூர்வாருச்சு. 2021-ல காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நட்டாங்க. நல்லதுதான். ஆனா காவிரியே குண்டாறு வரைக்கும் வந்தாலும், அங்கேயிருந்து கண்மாய்க்குள்ள வர வரத்துக்கால் வேணும். அதுக்குப் பேர் தெரிஞ்ச ஆளும் வேணும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஐயாவோட கரையில நடந்தேன். உள்வாய்ல தண்ணி பாதிக்கு இறங்கியிருந்துச்சு, கொக்கு நாரை எல்லாம் கூட்டமா நின்னுச்சு. ஒவ்வொரு மடைக்கும் ஐயா பேர் சொல்லிக்கிட்டே வந்தார். நான் செல்போன் மேப்ல குறிச்சுக்கிட்டே வந்தேன். மேப்ல அதுவரைக்கும் வெறும் நீலம்தான் இருந்துச்சு, பேர் இல்லை. நாலாவது மடைக்கு வந்தப்போ கொஞ்சம் நின்னார்.

"இதுக்கு ஒரு பேரு இருந்துச்சேப்பு... எங்கய்யா சொல்லுவாரு. மறந்துபோச்சு."

அந்த இடத்துல மட்டும் புள்ளி வச்சுட்டுப் பேரைக் காலியா விட்டிருக்கேன்.

போபால் நண்பன் கதையை முடிக்கலையே. அன்னைக்கு ராத்திரி அவனுக்குக் கண்மாய் படத்தைக் காட்டி, தாலாப்டான்னு சொன்னேன். "அட, இதைச் சொல்ல வேண்டியதுதானே! எங்க ஊர்ல போஜராஜன் கட்டின படா தாலாப் இருக்கே, அது நிறைஞ்சா ஊரே வேடிக்கை பார்க்கப் போகும்"னான். அவன் ஊர்ச் சொல்லுல சொன்னதும் ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு. அப்புறம் ஒரு மணி நேரம் அவன்தான் பேசினான்.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்? உங்க கண்மாய் மடைக்கெல்லாம் தனித்தனிப் பேர் உண்டா? வீட்டுல பெரியவங்க இருந்தா இந்த வாரமே கேட்டு எழுதி வைங்க மக்களே.

டிஸ்கி: இதை எழுதி முடிக்கிறதுக்குள்ள வீட்டுக்காரர் ரெண்டு தடவை சத்தம் போட்டுட்டார். மோட்டாரை அணைச்சுட்டு வந்துடுறேன்.